கட்-40 போதுமா? வீட்டுப் பட்டறைக்கு மலிவு பிளாஸ்மா கட்டர்

கேள்வி, 3 மே 2024

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஐயா காலத்து வீடு. பங்காளிகள் ஒருவழியாக ஒத்துக்கொண்டு பின்கட்டு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பதினோரு ஜன்னலில் கிராதியின் அடிப்பட்டை துருவேறி உதிர்கிறது. பின்வாசலுக்குப் புதுக் கேட்டு வேண்டும், மேலே வளைவாகத் தகட்டில் பூ வேலையோடு. வெல்டிங் மெஷின், நாலு இஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. 25,000 ரூபாய்க்குள் பிளாஸ்மா கட்டர் (கரண்டும் அழுத்தக் காத்தும் வைத்து இரும்பை உருக்கி வெட்டும் மெஷின்) எது வாங்கலாம்? கடைக்காரர் 40 ஆம்ப் மெஷின் (கட்-40) போதாது, 50 (கட்-50) எடுங்கள் என்கிறார்.

3 மே, இரவு

25,000-ஐயும் மெஷினிலேயே போட்டால் மெஷின் மூலையில் உட்காரும். 2019-ல் நான் அப்படித்தான் உட்கார வைத்தேன். பேர் தெரியாத கட்-40, 21,500 ரூபாய். கோட்டையூர் வீட்டுக் கொல்லையில் இறக்கி, எர்த் கிளாம்ப் மாட்டி, 5 எம்எம் தகட்டில் டார்ச்சை, அதாவது வெட்டும் கைப்பிடியை, வைத்தேன். ஒரு சாண் வெட்டியது. அப்புறம் புஸ்ஸென்று ஒரு சத்தம், ஆர்க் (இரும்பை வெட்டும் மின்சுடர்) போச்சு. மெஷின்மேல் குறையே இல்லை, காத்து தீர்ந்துபோச்சு. என்னிடம் இருந்தது வண்டி டயருக்குக் காத்தடிக்கிற 24 லிட்டர் கம்ப்ரெசர்.

கணக்கு இதுதான். 40 ஆம்ப் டார்ச் நிமிஷத்துக்குச் சுமார் 130 லிட்டர் காத்து கேட்கும், அதுவும் நாலரை பார் அழுத்தத்தில். 24 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5-க்கு இறங்கும்போது தருவது 72 லிட்டர். பின்னால் பம்பு ஓடிக்கொண்டே இருந்தாலும் ஒரு நிமிஷம் போல வெட்டலாம், அப்புறம் அஞ்சு நிமிஷம் வெற்றிலை போடலாம்.

ஆகவே தம்பி, முதலில் கம்ப்ரெசர். 2 ஹெச்பி, பெல்ட் ஓட்டுவது, 100 லிட்டராவது டேங்க். பழசு நன்றாகக் கிடைக்கும். மிச்சப் பணத்துக்கு கட்-40 வாங்கு. எல்லா கட்-40-உம் உள்ளே ஒன்றுதான், விலை குறைந்ததை எடு.

4 மே, காலை

கம்ப்ரெசர் பெட்டியில் போட்டிருக்கும் காத்து அளவை நம்பாதே என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார். சரிதான். அது பிஸ்டன் ஒரு நிமிஷத்தில் தள்ளும் கொள்ளளவு. குழாய் முனையில் நிஜமாக வருவது அதில் மூணில் ரெண்டு பங்கு. 7 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 7 கன அடி) என்று போட்டிருந்தால் நாலரை, அஞ்சு என்று வைத்துக்கொள். கட்-40-க்கு அது விளிம்பில் சரியாக இருக்கும். கட்-50-க்குப் பத்தாது. கடைக்காரர் 50 எடுக்கச் சொல்லும்போது இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

4 மே, மத்தியானம்

அடுத்தது கரண்ட். மீட்டர் எங்கே, பட்டறை எங்கே? இதை மட்டும் முதலில் சொல்.

4 மே, மறுபடி

நினைத்தது சரி. மீட்டர் முகப்பில், பட்டறை பின்தெருவைப் பார்த்த கட்டில். நம்ம ஊர் வீடே அப்படித்தான், முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் இன்னொரு தெரு. கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குப் பந்தி போட வசதி, பிளாஸ்மாவுக்கு வசதி இல்லை.

40 ஆம்பில் வெட்டும்போது ஆர்க் வோல்டேஜ் சுமார் 96 வோல்ட். பெருக்கினால் 3,840 வாட். மெஷின் உள்ளே வீணாவது, மலிவு இன்வெர்ட்டர் மெஷினின் மோசமான பவர் ஃபேக்டர், ரெண்டும் சேர்ந்து 230 வோல்ட்டில் 28 ஆம்ப் இழுக்கும். மெஷின் பின்பக்கம் லேபிளில் ஐ1மேக்ஸ் (அதிகபட்சம் இழுக்கும் கரண்ட்) என்று போட்டிருக்கும், பார்.

28 ஆம்ப் 60 மீட்டர் தூரம் போய்த் திரும்ப வேண்டும். வீட்டில் போட்டிருக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் வழியிலேயே 25 வோல்ட் காணாமல் போகும். சாயங்காலம் முகப்பில் 205 இருந்தால் பட்டறையில் 180. மெஷின் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடும். 6 ஸ்கொயர் எம்எம் இழுத்தால் இழப்பு 10 வோல்ட்தான். அதோடு 32 ஆம்ப் எம்சிபி தனியாக. 16 ஆம்ப் பிளக்கில் மாட்டாதே. என் பிளக் டாப் உருகி சாக்கெட்டோடு சாக்கெட்டாக ஒட்டிக்கொண்டது. அதைப் பெயர்த்தெடுக்க உளி தேவைப்பட்டது.

கம்ப்ரெசர் தனியாக ஒன்றரை கிலோவாட். ரெண்டும் சேர்ந்தால் ஆறு. ஒருமுனை இணைப்பு 4 கிலோவாட்டோடு முடிகிறது. ஈபி ஆபீசில் எழுதிக் கொடுத்து மும்முனைக்கு மாறிக்கொள். அது நடக்கும்வரை 25, 30 ஆம்பில் குறைத்து வைத்து வெட்டு. 3 எம்எம் தகட்டுக்கு அதுவே தாராளம்.

6 மே

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. இப்போது சொன்னால்தான் புரியும். லேபிளில் 60 சதவீதம் டியூட்டி என்று இருந்தால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் வெட்டலாம், நாலு நிமிஷம் ஆற விடணும் என்று அர்த்தம். அந்த அளவே 40 டிகிரி வெயிலுக்குப் போட்டது. தகரக் கொட்டகைக்குள் மத்தியானம் 40 என்பது குளிர்காலம். நான் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரைதான் வெட்டுவேன். மெஷினுக்காக என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

9 மே

அடுத்து எதிரி தண்ணி. முதல் வருஷம் ஐப்பசி மழையில் என் நாசில்கள் (டார்ச் முனையில் ஆர்க் வெளிவரும் துவாரமுள்ள மூடி) நாளுக்கு ஒன்று செத்தன. துவாரம் வட்டமாக இருக்க வேண்டியது, புளியங்கொட்டை மாதிரி நீண்டு போயிருக்கும். வெட்டு ஒரு பக்கமாகச் சாயும். மட்டமான நாசில் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினேன், பாவம்.

மழைக்கால ஈரக் காத்தில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் போலத் தண்ணி இருக்கும். பத்து நிமிஷம் தொடர்ந்து வெட்டினால் டார்ச்சுக்குப் போகும் காத்தில் சுமார் 30 கிராம். ரெண்டு பாலாடை அளவு என்று வை. அதில் டேங்க்கில் தங்காமல் தப்பி வருவது நேரே டார்ச்சுக்குப் போய் எலக்ட்ரோடு முனையில் வெடிக்கும். செம்பு எலக்ட்ரோடின் நடுவில் பொட்டு மாதிரி ஹாஃப்னியம் பதித்திருக்கும். டங்ஸ்டன் வைத்தால் காத்தில் உள்ள ஆக்சிஜன் தின்றுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்தப் பொட்டு ஒரு எம்எம்முக்கு மேல் குழிந்தால் மாற்று, இல்லாவிட்டால் நாசிலையும் கூட்டிக்கொண்டு போகும்.

கம்ப்ரெசருக்கு அடுத்தே ஃபில்டர் மாட்டிப் பிரயோஜனமில்லை, அங்கே காத்து சூடாக இருக்கும், தண்ணி ஆவியாகவே தாண்டிப் போகும். குளிர வைத்து அப்புறம் பிடிக்கணும். பழைய ஏசியின் செம்புக் குழாய் பத்து மீட்டரைச் சுருட்டி, ஆயாவின் பித்தளை அண்டாவில் தண்ணி ஊற்றி அமிழ்த்தினேன். அதற்கு அடுத்து தண்ணி பிரிக்கிற ஃபில்டர், அடுத்து சிலிக்கா ஜெல். செலவு மூவாயிரத்துக்குள். ஒரு நாசில் இப்போது ரெண்டு வாரம் வருகிறது. அங்கிருந்து டார்ச்வரை பிவிசி குழாய் போட்டேன், மலிவு.

10 மே

அண்டா நூறு வருஷப் பழசாமே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் கொடுத்தால் மெஷின் விலையே வருமே என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆயா இருக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம். இப்போதே அண்டா எங்கே என்று வாரம் ஒரு தடவை கேட்கிறாள், கொல்லையில் பத்திரமாக இருக்கு என்கிறேன். பொய் இல்லையே.

20 மே

3-ம் தேதி எழுதியதில் ஒன்றை வாபஸ் வாங்குகிறேன். எல்லா கட்-40-உம் ஒன்றில்லை.

தம்பி, நேற்று உன் பழைய கிராதியின் படம் பார்த்தேன். பச்சைப் பெயின்ட், கீழே நீலம், அதற்கும் கீழே செங்காவி. என்னுடைய மெஷினில் பிடி-31 டார்ச். உயர் அதிர்வெண் பொறியில் ஆர்க் பிடிக்கும், பைலட் ஆர்க் கிடையாது. சுத்தமான இரும்பைத் தொட்டால்தான் வெட்டும். பெயின்ட், துரு இருந்தால் டிக்டிக்கென்று பொறி மட்டும் வரும். நீ வாங்கப்போவது பழைய இரும்புக்கு என்பதால் பைலட் ஆர்க் உள்ளதை எடு. ஆர்க் முதலில் நாசிலுக்குள்ளேயே எரிந்துகொண்டு வெளியே நாக்கை நீட்டும், துருவைத் தாண்டி இரும்பைப் பிடிக்கும். கம்பி வலைமாதிரி இடைவெளி உள்ளதையும் அணையாமல் வெட்டும். நாலைந்தாயிரம் கூட ஆகும். அதைக் கொடு.

அதிலும் ரெண்டு வகை. பொறி வைத்துப் பிடிப்பது ஒன்று. காத்தே எலக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளி ஆர்க் உண்டாக்குவது இன்னொன்று, ப்ளோபேக் என்பார்கள். முதல் வகையில் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஆடும். நான் டார்ச்சை அழுத்தும்போதெல்லாம் உள்ளே டிவி பெட்டி நின்று நின்று ஓடும். சீரியலில் மாமியார் வாயைத் திறந்ததும் படம் உறைந்துவிடுகிறது என்று ஆச்சி புகார் சொன்னார். நாளைக்குக் கம்ப்யூட்டரே டார்ச்சை நகர்த்தி வெட்டும் மேசை போடும் ஆசை இருந்தால் ப்ளோபேக் தவிர வேறு எடுக்காதே.

கடையில் இன்னொன்றும் கேள்: நாசில், எலக்ட்ரோடு இதே கடையில் எப்போதும் கிடைக்குமா? பிடி-31, ஏஜி-60 டார்ச்சுகளின் சாமான் சாதாரணமாகக் கிடைக்கிறது. வினோதமான டார்ச் என்றால் மெஷின் மலிவாக இருந்தாலும் விட்டுவிடு.

21 மே

பெயின்ட் என்றதும் ஞாபகம் வந்தது, நேற்றே எழுதியிருக்க வேண்டும். அந்தப் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உன் கிராதி அதற்கு எத்தனை தலைமுறை முந்தியது! பைலட் ஆர்க் பெயின்டைத் தாண்டும் என்பதற்காகப் பெயின்டோடு வெட்டாதே. வெட்டும் கோட்டில் ரெண்டு பக்கமும் ரெண்டு விரற்கடை பெயின்ட் ரிமூவர் போட்டு வழித்து, கழுவிக் காயவிட்டு வெட்டு. கிரைண்டரால் தேய்த்தால் அதே ஈயம் தூளாகப் பறக்கும். முகத்துக்குத் துணி கட்டுவது கணக்கில் வராது, புகையை வடிகட்டுகிற ரெஸ்பிரேட்டர் முகமூடி வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதே.

ஜிஐ தகட்டின் துத்தநாகப் புகை ராத்திரி குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் விடும், எனக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. பழைய பேரல், டேங்க் எதையும் வெட்டாதே, காலி என்று யார் சொன்னாலும். கண்ணாடி: 40 ஆம்ப்வரை ஷேட் 5, அதற்கு மேல் 6. வெறும் கூலிங்கிளாஸ் போட்டு வெட்டுபவரைக் காரைக்குடியிலேயே பார்த்திருக்கிறேன்.

11 ஜூன்

தூணையும் வெட்டலாமா என்று தேவகோட்டையிலிருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார். எந்தத் தூண்? வார்ப்பிரும்பு என்றால் பிளாஸ்மா வெட்டும், கேஸ் கட்டிங்தான் அதில் திணறும். ஆனால் வெட்டிய ஓரம் கண்ணாடி மாதிரி கெட்டியாகி, டிரில் பிட் முனையை மழுக்கும், விரிசலும் விடலாம். எது வார்ப்பு என்று தெரிய மறைவான மூலையில் கிரைண்டரை லேசாக வை. வார்ப்பிரும்புப் பொறி குட்டையாக, மங்கின சிவப்பில் வரும். மைல்டு ஸ்டீல் நீளமாகப் பறந்து நுனியில் கிளை விடும். பழைய தேனிரும்பும் (அந்தக் காலத்தில் அடித்து வடித்த இரும்பு) நீளமாகத்தான் போகும், கிளை இருக்காது, வைக்கோல் நிறம். என் வீட்டு ஜன்னல் ஒன்றிலேயே ரெண்டு விதக் கம்பி கிடைத்தது. யாரோ ஒரு ஆசாரி நமக்கு முன்னாலேயே ரிப்பேர் பார்த்திருக்கிறார்.

தூணை வெட்டாதீர்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

12 ஜூன்

வெட்டும் கை பற்றி. தகட்டின் அடியில் வரும் பொறியைப் பார். நேரே கீழே விழுந்தால் மெதுவாகப் போகிறாய். லேசாகப் பின்னால், பதினைந்து இருபது டிகிரி சாய்ந்து பறந்தால் சரியான வேகம். பொறி மேலே உன் மூஞ்சிக்கு வந்தால் தகடு துளைக்கவில்லை, வேகம் அதிகம். அடியில் கசடு தடியாகக் குமிழ் குமிழாக ஒட்டி, தட்டினால் உதிர்ந்தால் மெதுவாகப் போயிருக்கிறாய். மெல்லிய கோடாக, உளி வைத்தாலும் போகாத பிசிறு என்றால் வேகமாகப் போயிருக்கிறாய். நடுத்தகட்டில் துளை போடும்போது டார்ச்சைச் சாய்த்து ஆரம்பித்து நிமிர்த்து. நேரே வைத்தால் உருகிய இரும்பு நாசிலுக்குள்ளேயே திரும்பி வரும்.

வெட்டிய ஓரத்தை அப்படியே வெல்ட் பண்ணாதே. காத்தில் உள்ள நைட்ரஜன் ஓரத்தில் ஏறியிருக்கும், வெல்டில் ஊசித்துளைகள் வரும். அரை எம்எம் தேய்த்துவிட்டுப் பண்ணு.

ஒன்று விட்டுப்போச்சு. ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் வெட்டாதே. பின்கட்டுத் தாழ்வாரத்தில் சாக்கை நனைத்து விரித்துவிட்டுத்தான் வெட்டினேன். சாக்கு காய்ந்தது தெரியவில்லை. தாமரைப் பூ கல் மூணில் அம்மை வடு மாதிரி புள்ளி. ஆத்தங்குடிக்கே போய்ப் புதுக்கல் வாங்கிவந்து பதித்தேன், அது மட்டும் புதுசாகப் பளபளக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதையே பார்க்கிறார்கள்.

2 ஆகஸ்ட்

பிவிசி குழாய் பற்றி 9 மே எழுதியதை யாராவது செய்திருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள்.

போன செவ்வாய் வெடித்தது. ஒரு சாண் துண்டு கத்தி மாதிரி பறந்து கீற்றுத் தட்டியில் செருகி நின்றது. நான் டீ குடிக்க உள்ளே போயிருந்தேன். தண்ணிக் குழாய் தண்ணிக்குத்தான். அழுத்தக் காத்தில் அது கசியாது, சில்லுச்சில்லாகச் சிதறும். ஐந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் தைரியமாக எழுதிவிட்டேன், தப்பு. இப்போது ஜிஐ குழாய் போட்டிருக்கிறேன், லேசான சரிவில், கடைசியில் ஒரு வடிகால் குழாயோடு. அது கூடுதலாகத் தண்ணியையும் பிடிக்கிறது.

3 ஆகஸ்ட்

1953-லிருந்து துருவை ஆராய்கிற சிக்ரி ஆய்வுக்கூடம் நம்ம காரைக்குடியிலேயே இருக்க, ஜிஐ போட்டால் உள்ளே துரு வராதா என்று ஒரு நண்பர் கிண்டல் செய்கிறார். வரும். அதனால்தான் ஃபில்டரை இப்போது கடைசிக்கு, டார்ச்சுக்குப் பக்கத்தில், மாற்றிவிட்டேன். கிண்டல் பண்ணுகிறவர் வீட்டுக் கேட்டைப் போய்ப் பாருங்கள்.

26 அக்டோபர்

மூணு நாள் மழை. சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறிவிட்டது. வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலம் வரும். தனி வாணலி, சமையலுக்கு எடுக்கக் கூடாது. இதற்குமேல் விளக்கம் கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கனவே கேட்டாகிவிட்டது.

8 நவம்பர்

தம்பி இன்னும் வாங்கவில்லையாம். கம்ப்ரெசர் மட்டும் பழசு 11,000-க்கு எடுத்திருக்கிறான், 6 ஸ்கொயர் ஒயர் இழுத்திருக்கிறான். மீதியை வைத்துக்கொண்டு, பிளாஸ்மாவே வேண்டுமா என்று கேட்கிறான்.

ஞாயமான கேள்வி. உன் வேலையில் பத்தில் ஏழு, பட்டையும் சதுரக் கம்பியும் நேராக அறுப்பது. அதற்கு கிரைண்டரில் ஒரு எம்எம் கட்டிங் வீல் போதும், சுத்தமாகவும் இருக்கும். கம்பியைப் பிளாஸ்மாவில் வெட்டுவது கறிவேப்பிலை கிள்ள அரிவாள்மணையை இழுத்துப் போடுவது. கேட்டின் பூ வேலை ஒரே மாதிரி எட்டுத் துண்டு என்றால், வரைபடத்தைக் கொடுத்து மதுரையில் லேசரில் வெட்டிவாங்கு. பிசிறே இருக்காது, நீ கையால் வெட்டி அரம் போட்டுத் தேய்க்கும் நாலு நாளை மிச்சம் பிடிக்கலாம்.

மிச்சம் மூணு பங்கு இருக்கிறதே, அங்கேதான் பிளாஸ்மா. சுவரில் பதிந்த கிராதியில் உளுத்த அடிப்பட்டையை மட்டும், மேலே உள்ள கம்பி நெளியாமல், தேக்கு நிலை கருகாமல் எடுக்கணும். கேஸில் போனால் சூடு நிலைவரை ஏறும். கிரைண்டர் அந்தச் சந்தில் நுழையாது. நிலைக்கு முன்னால் ஈரச்சாக்கும் அதன்மேல் தகரமும் வைத்து, ஒரு வாளி தண்ணியோடு ஆளை நிறுத்தி, 25 ஆம்பில் ஒரு இழுப்பு. பதினோரு ஜன்னலுக்கு அது வேணும்தான். ஒரு வாரம் யாரிடமாவது வாடகைக்குக் கிடைக்குமா பார். என்னுடையதைத் தரலாம், ஆனால் அதில் பைலட் ஆர்க் இல்லை. மே மாதம் நானே எழுதியிருக்கிறேன்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்குப் பள்ளத்தூர் போனேன். வாங்கிவிட்டான். பைலட் ஆர்க் உள்ள கட்-50, ஏஜி-60 டார்ச், 26,800. நான் 40 சொன்னேன், அவன் 50 வாங்கி 30-ல் வைத்து ஓட்டுகிறான். டியூட்டி பற்றிய கவலையே இல்லை என்கிறான். யோசித்தால் அதுவும் சரிதான். கடைக்காரர் சொன்னதும் ஒருவிதத்தில் சரியாகிவிட்டது.

முதல் ஜன்னலில் ஆர்க் விட்டு விட்டுப் பிடித்தது. நாசில், காத்து, வோல்டேஜ் எல்லாம் ஒன்றொன்றாகப் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் எர்த் கிளாம்பைப் பார்த்தோம், பச்சைப் பெயின்டுமேல் மாட்டியிருந்தான். கம்பியைச் சுரண்டி வெள்ளி தெரிந்ததும் ஒரே இழுப்பில் வந்தது. இன்னும் பத்து ஜன்னல் இருக்கிறது. குளிர வைக்க அவன் வீட்டுக் கல்தொட்டியை வைத்திருக்கிறான், எங்கள் அண்டாவைவிட நன்றாகக் குளிர்கிறது. இன்று காலை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். கொல்லைக்கு ஒரு சிமென்ட் தொட்டி சொல்லியிருக்கிறேன்.